நலிந்த அரசுப் படகுச் சேவையை நிமிர்த்துவது எப்படி: எது முதலில், எது கடைசியில்

தடுமாறும் படகுச் சேவையைச் சரிசெய்ய ஒரு குழு உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே புதுப் படகு பற்றிப் பேச்சு வந்துவிடும். படம் காட்டலாம், விலை சொல்லலாம், திறப்பு விழா வைக்கலாம். அதனால் எல்லோருக்கும் அதில் ஆர்வம். இந்த வழிகாட்டியில் புதுப் படகு ஏழாவது படியில்தான் வருகிறது. அதை முன்னால் இழுத்தவர்கள் எங்கே போய் முட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது துறையில் புதிதாகப் பொறுப்பேற்கும் பொறியாளர், திட்ட அலுவலர், தீவுப் பகுதி உள்ளாட்சி உறுப்பினர் போன்றவர்களுக்காக எழுதியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கேரளக் காயல் பகுதியிலிருந்து வருகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் ஸ்காட்லாந்தும் நடுநடுவே வரும். அங்கே நடந்த சறுக்கல்கள் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால் பாடம் எடுப்பது எளிது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 24 மாதங்களின் நடைப் பதிவேடு (ஒரு நடை என்றால் படகின் ஒரு பயணம்), ஊழியர் வருகைப் பதிவேடு, படகுவாரியான டீசல் கணக்கு, ஒவ்வொரு படகின் தகுதிச் சான்றிதழும் பராமரிப்புக்காகக் கடைசியாகக் கரையேற்றிய தேதியும். டீசலை மொத்தமாகக் கூட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். படகுவாரியாக இல்லாத கணக்கு எதற்கும் உதவாது.

அப்புறம், ஒவ்வொரு படகுத்துறையும் யாருக்குச் சொந்தம் என்ற பட்டியல் வேண்டும். ஒன்று ஊராட்சியுடையது, அடுத்தது பொதுப்பணித் துறையுடையது, இன்னொன்று நீர்ப்பாசனத் துறையுடையது என்று இருக்கும். சிலவற்றுக்கு உரிமையாளரே கிடைக்க மாட்டார். ஐந்தாவது படியில் இந்தப் பட்டியல் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு ஆணை. கால அட்டவணையையும் பணிப் பட்டியலையும் மாற்றும் அதிகாரம் ஒரே ஆளுக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும். அது வரும்வரை தொடங்காதீர்கள். "பரிந்துரை மட்டும் செய்யுங்கள்" என்று அமைத்த குழுவின் அறிக்கை அலமாரிக்குத்தான் போகும்.

## 1. ரத்தான நடைகளைக் காரணம்வாரியாகப் பிரியுங்கள்

பதிவேட்டைத் திறந்தால் முக்கால்வாசி இடத்தில் "இயந்திரக் கோளாறு" என்றே இருக்கும். நம்பாதீர்கள். அந்த இரண்டு சொல்லை எழுதினால் யாருக்கும் மெமோ வராது. அதனால் எல்லாக் காரணமும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. அதே தேதியின் வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வையுங்கள். காலை 6.10 நடை "இயந்திரக் கோளாறு" என்று ரத்தாகியிருக்கும். அன்று எஞ்சின் டிரைவர் விடுப்பு என்று இந்தப் பக்கம் இருக்கும். அதே படகு 9 மணிக்கு டீசல் போட்டு வேறு தடத்தில் ஓடியிருக்கும். கோளாறு இயந்திரத்தில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். இப்படி இரண்டு மூன்று மாதத்துக்குப் பொருத்திப் பார்த்துவிட்டு, படகை ஓட்டும் சாரங்குகளோடு டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடைசியில் காரணங்கள் ஐந்தாகச் சுருங்கும்: ஆள் இல்லை, படகு இல்லை, துறையில் அணைக்க முடியவில்லை, வானிலை, கூட்டம் இல்லை என்று விட்டுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆள் இல்லாத சேவைக்குப் புதுப் படகு வாங்கினால், கட்டிப்போட்டிருக்கும் படகின் எண்ணிக்கை ஒன்று கூடும், அவ்வளவுதான்.

வாஷிங்டன் மாநிலப் படகுச் சேவை 2021 அக்டோபரில் பல தடங்களில் நடைகளைக் குறைத்தபோது முதல் தடை ஆள் பற்றாக்குறைதான். அங்கே கடலோரக் காவல் படை விதித்த குறைந்தபட்ச ஊழியர் எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தாலும் கப்பல் கிளம்ப முடியாது. படகும் பயணிகளும் காத்திருக்க, ஒரு ஆள் வராததால் நடை ரத்தாகும்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சராசரியைப் பார்த்துத் திருப்தியடைவது. நூற்றுக்கு 95 நடை ஓடியது என்பார்கள். ஓடாத ஐந்தும் இரவின் கடைசி நடையாக இருந்தால் அந்தச் சேவையை யாரும் நம்ப மாட்டார்கள். வீடு திரும்ப முடியுமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் காலையில் போவதற்கும் படகில் ஏற மாட்டார்கள். அதனால் முதல் நடை, கடைசி நடை இரண்டையும் தனியாக எண்ணுங்கள்.

## 2. உயிர்நாடித் தடங்களைத் தனியே எடுங்கள்

ஒரே கேள்விதான்: இன்று இந்தப் படகு ஓடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் வேறு வழி உண்டா? யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து கடல் வழி மட்டும்தான். அது முதல் வகை. கேரளத்தில் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்குப் படகு இல்லையென்றால் தண்ணீர்முக்கம் தடுப்பணை வழியாகச் சுற்றிப் போகலாம். அது இரண்டாம் வகை. சுற்றுலா நடைகள் மூன்றாம் வகை.

இப்போதே பிரிப்பதற்குக் காரணம், பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். யாருடைய நடை முதலில் போகும் என்று அமைதியான நேரத்தில் முடிவு செய்து எழுதி வைக்காவிட்டால், நெருக்கடி வரும்போது உரக்கப் பேசுபவரின் நடை தப்பும்.

சுற்றுலாவில் வருமானம் நன்றாக வரும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குத் தனிப் படகு வையுங்கள். பயணிகள் படகை விடுமுறை நாளில் சுற்றுலாவுக்குத் திருப்பிவிடும் பழக்கம் ஒருமுறை வந்தால் போகவே போகாது.

## 3. ஆட்களை எண்ணுங்கள், படகுக்கு எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள்

"ஒரு படகுக்கு ஐந்து பேர், இரண்டு ஷிப்ட், ஆக பத்து பேர்" என்று கணக்குப் போடுவார்கள். தப்பு. ஒரு பணியிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு ஷிப்ட், வருடத்துக்கு 730 ஷிப்ட். ஒரு ஊழியர் வார ஓய்வு 52, விடுப்பும் பண்டிகையும் சுமார் 45, பயிற்சி சில நாள் என்று கழித்தால் 260 நாளுக்குப் பக்கத்தில்தான் வேலைக்கு வர முடியும். 730-ஐ 260-ஆல் வகுத்தால் 2.8 வருகிறது. ஒரு இடத்துக்கு இரண்டு பேர் இல்லை, ஏறக்குறைய மூன்று பேர். பல சேவைகளில் ஆள் பற்றாக்குறை என்பது அனுமதித்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. எல்லா இடமும் நிரம்பினாலும் நடை ரத்தாகிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து ஓய்வு பெறுவோர் பட்டியல். சாரங்கு, எஞ்சின் டிரைவர் ஆகியோருக்குச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் படகில் வேலை செய்த அனுபவக் காலம் வேண்டும். விளம்பரம் கொடுத்த மறுமாதம் கிடைக்கிற ஆள் இல்லை. அடுத்த ஐந்து வருடத்தில் யார் யார் போகிறார்கள் என்று பார்த்து, அத்தனை லாஸ்கர்களை (படகில் கயிறு பிடிக்கும் ஊழியர்களை) இன்றே பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சி நாளுக்குச் சம்பளமும், அவர் இடத்தில் நிற்க மாற்று ஆளும் கொடுங்கள். இல்லாவிட்டால் நிலைய அதிகாரி அவரை விட மாட்டார். அவருக்கு நாளைய நடைதான் கவலை.

தினக்கூலிக்கு ஆள் எடுத்துச் சமாளிப்பது கயிறு பிடிக்கும் வேலைக்கு ஓரளவு ஒத்துவரும். சுக்கான் பிடிக்கும் வேலைக்கு ஒத்துவராது. வாஷிங்டன் தன் மாநிலத்துக்குள் ஓடும் எல்லாத் தடங்களிலும் முழு அட்டவணைக்குத் திரும்ப 2025 ஜூன் வரை ஆனது. ஆளை எடுத்து, பயிற்சி கொடுத்து, மேல் பதவிக்குச் சான்றிதழ் பெறவைக்க அவ்வளவு காலம் பிடிக்கும் என்று மேலதிகாரிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

## 4. மாற்றுப் படகுக் கணக்கும் கரையேற்றும் நாட்காட்டியும்

தடங்களில் ஓட பத்துப் படகு தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வருடத்தில் ஒரு மாதம் கரையேறும். எதிர்பாராத பழுதுக்கு இன்னும் இரண்டு வாரம் போகும். எந்த நாளை எடுத்தாலும் சராசரியாக ஒன்றேகால் படகு தண்ணீரில் இருக்காது. ஆக குறைந்தது பன்னிரண்டு வேண்டும். பத்தை வைத்துக்கொண்டு ஓட்டினால் பராமரிப்பு தள்ளிப்போகும், பழுது கூடும், இன்னும் தள்ளிப்போகும்.

இந்தச் சுழல் எங்கே முடியும் என்பதற்கு வாஷிங்டனையே பார்க்கலாம். 1927-ல் கட்டிய நான்கு படகுகளை 80 வயதுவரை ஓட்டினார்கள். 2007 நவம்பரில் அடிப்பகுதித் தகடுகள் அரித்துப்போனது தெரிந்து, நான்கையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. போர்ட் டவுன்செண்டுக்கும் கீஸ்டோனுக்கும் இடையே கார் ஏற்றும் படகே இல்லாமல் போனது. கீஸ்டோனின் குறுகிய துறைக்குள் நுழையக்கூடிய வேறு படகு அவர்களிடம் இல்லை.

நாட்காட்டியை எந்த மாதத்தில் போடுவது என்பதும் முக்கியம். கேரளத்தின் தாழ்நிலப் பகுதியான குட்டநாட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாலை மூழ்கும்போதுதான் படகு உயிர் காக்கும். 2018 வெள்ளத்தில் குட்டநாட்டு மக்களை வெளியே கொண்டுவர அரசுப் படகுகளும் ஓடின. அந்த மாதங்களில் ஒரு படகுகூடக் கரையில் இருக்கக் கூடாது. டிசம்பர், ஜனவரி உட்பட மற்ற மாதங்களில் பிரித்துக் கரையேற்றுங்கள். சுற்றுலாப் பருவம் கெடும் என்பார்கள், கெடட்டும். இரண்டாம் படியில் பிரித்தது இதற்குத்தான்.

எத்தனை வகை எஞ்சின் இருக்கிறது என்றும் எண்ணுங்கள். வகை கூடினால் கிடங்கில் உதிரிபாகம் இருந்தும் தேவையான பாகம் இருக்காது. ஒரு படகிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள், ஏனென்றால் கழற்றப்பட்ட படகு திரும்பி ஓடாது.

## 5. படகுத்துறையை நேரில் அளந்து பாருங்கள்

கையில் ஸ்டாப்வாட்சோடு ஒரு முழு நாள் துறையில் நில்லுங்கள். படகு வேகம் குறைத்ததிலிருந்து மறுபடி கிளம்பும்வரை எவ்வளவு நேரம்? நீர் ஏறியிருக்கும்போது ஒரு முறை, வற்றியிருக்கும்போது ஒரு முறை அளக்க வேண்டும்.

வற்று நேரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். படகின் விளிம்பு துறைப் படிக்கு ஒரு முழம் கீழே போய்விடும். லாஸ்கர் ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பார். மறு கையால் மீன் கூடை வைத்திருக்கும் அம்மாவை மேலே தூக்கிவிடுவார். முதலில் கூடை ஏறும், பிறகு அவர் ஏறுவார். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். முட்டி வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் வரிசையிலேயே இருக்க மாட்டார்கள். "இங்கே முதியோர் அதிகம் பயணிப்பதில்லை" என்று பிறகு யாரோ அறிக்கையில் எழுதுவார்கள்.

ஐந்து துறையில் துறைக்கு இரண்டு நிமிடம் மிச்சப்பட்டால் ஒரு சுற்றில் பத்து நிமிடம் கிடைக்கும். படகின் வேகத்தைக் கூட்டி அதே பத்து நிமிடத்தை வாங்கப் போனால் டீசல் செலவு எகிறும். கொச்சி நகரின் படகுச் சேவையான கொச்சி வாட்டர் மெட்ரோ மிதவைத் துறைகளைப் போட்டது இதனால்தான். நீர்மட்டத்தோடு துறையும் ஏறி இறங்குவதால் படகின் தளமும் துறையும் எப்போதும் சமமாக இருக்கும், நடந்தே உள்ளே போகலாம். அவ்வளவு பணம் இல்லையென்றால் இரண்டு மட்டத்தில் படி, ரப்பர் தடுப்பு, நல்ல விளக்கு ஆகியவற்றில் தொடங்குங்கள். விளக்கு இல்லாத துறையில் இரவு நடைக்குப் பெண்கள் வர மாட்டார்கள்.

ஆகாயத்தாமரையையும் இதே படியில் கணக்கில் எடுங்கள். புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் அந்த நடை போச்சு. பதிவேட்டில் அதுவும் இயந்திரக் கோளாறாகத்தான் இருக்கும். அள்ளுவது யார் பொறுப்பு என்று உள்ளாட்சியோடு எழுதி வாங்குங்கள்.

படகை வாங்கிவிட்டுத் துறையைப் பார்ப்பது பெரிய நாடுகளும் செய்யும் தவறு. ஸ்காட்லாந்தின் அரன் தீவுக்காகக் கட்டிய கிளென் சானக்ஸ் கப்பல், அதன் வழக்கமான துறையான அர்ட்ராசனில் அணைய முடியாத அளவுக்குப் பெரிதாக அமைந்தது. துறை மேம்பாடு முடியாததால் 2025 ஜனவரியில் ட்ரூன் துறையிலிருந்து சேவையைத் தொடங்கினார்கள்.

## 6. கால அட்டவணையைக் குறைத்து எழுதி, எழுதியதை ஓட்டுங்கள்

முதல் நான்கு படியும் சரியாகும்வரை, இருக்கிற ஆளையும் படகையும் வைத்து உறுதியாக ஓட்டக்கூடிய நடைகளை மட்டும் அறிவியுங்கள். இருபது அறிவித்துப் பதினைந்து ஓட்டுவதைவிடப் பதினாறு அறிவித்துப் பதினாறும் ஓட்டுவது நல்லது. மக்கள் தங்கள் நாளை அறிவிப்பை நம்பித்தான் அமைத்துக்கொள்கிறார்கள்.

மறு கரையில் பேருந்து எப்போது கிளம்புகிறது என்று பார்க்காமல் அட்டவணை போடாதீர்கள். படகு அணையும்போது பேருந்தின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் பயன் இல்லை.

தேர்வு, திருவிழா, சந்தை நாட்களின் பட்டியலைத் தனியாக வையுங்கள். 2002 ஜூலை 27 அதிகாலை முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறிய கூட்டம். பலர் அரசுப் பணித் தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள். தேர்வுத் தேதி முன்பே தெரிந்ததுதான். அப்படிப்பட்ட காலையில் கூடுதல் படகு விட வேண்டும். ஏறுவோரைத் துறை வாசலிலேயே எண்ணி நிறுத்த வேண்டும். படகில் ஏறிய பிறகு எண்ணினால் யாரையும் இறக்க முடியாது.

## 7. இப்போது புதுப் படகு

வரைபடம் முடியாமல் ஒப்பந்தம் போடாதீர்கள். கிளென் சானக்ஸையும் அதன் ஜோடிக் கப்பலையும் 2015-ல் 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தபோது விரிவான வடிவமைப்பு முடிந்திருக்கவில்லை. முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உத்தரவாதமும் இல்லை. 2017 நவம்பரில் முதல் கப்பலைத் தண்ணீரில் இறக்கும் விழா நடந்தது. அன்று மேல்தளத்தில் ஜன்னல் பொருத்தும் இடங்களில் ஜன்னல் மாதிரிப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். பயணிகளோடு ஓட இன்னும் ஏழு வருடத்துக்கு மேல் ஆனது, செலவும் பல மடங்கு ஏறியது.

விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டுக் கட்டும் வேலையை அதற்குள் அடக்கச் சொன்னால் இப்படித்தான். தேதி கேட்டு அழுத்தம் வந்தால், பாதி முடிந்த படகுக்குப் பதிலாக முழுதாக முடிந்த ஒரு துறையைத் திறக்கக் கொடுங்கள். விழாவும் நடக்கும், மக்களுக்கும் பயன்.

ஒரே வடிவத்தில் பல படகு வாங்குங்கள். கொச்சி வாட்டர் மெட்ரோ 78 படகு, 38 துறை என்று திட்டமிட்டாலும், 2023 ஏப்ரல் 25-ல் இரண்டு தடங்களோடுதான் தொடங்கியது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் ஒரே அச்சில் கட்டிய 100 பேர் படகுகள் அவை. ஒரு படகில் பழகிய ஊழியர் எதிலும் ஏறலாம், உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வரைபடத்தைச் சாரங்கிடம் காட்டுங்கள். தாழ்வான பாலத்துக்கு அடியில் கூரை இடிக்குமா, சுக்கான் பிடிக்கும் இடத்திலிருந்து துறையின் ஓரம் தெரியுமா என்பதை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

## 8. மின்சாரத்துக்கு மாறுவது: தடம் பொருந்தினால் மட்டும்

2017 ஜனவரியில் வைக்கம்–தவணக்கடவு தடத்தில் ஓடத் தொடங்கிய ஆதித்யா என்ற 75 இருக்கை சூரியசக்திப் படகு ஏன் வென்றது என்று பாருங்கள். தூரம் சில கிலோமீட்டர்தான், வேகம் குறைவு, பகல் முழுக்க வெயில், தினமும் அதே இரண்டு துறை. இந்த நிபந்தனைகள் இல்லாத நீண்ட தடத்தில் அதே படகு திணறும். "அங்கே நடக்கிறது, இங்கே ஏன் முடியாது" என்று கேட்பவர்களிடம் தடத்தின் நீளத்தைக் காட்டுங்கள்.

கரையில் மின்சாரம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் படகுக்கு முன்னால் கேட்க வேண்டும். நார்வேயில் 2015-ல் லாவிக்–ஒப்பெடால் தடத்தில் ஆம்பியர் என்ற மின்சாரக் கார் படகு ஓடத் தொடங்கியபோது கிராமத்து மின்கம்பி அவ்வளவு சுமையைத் தாங்காது. அதனால் இரண்டு கரையிலும் பெரிய மின்கலங்களை வைத்தார்கள். படகு இல்லாத நேரத்தில் அவை மெதுவாக நிரம்பும், படகு வந்ததும் கொட்டிக் கொடுக்கும். மின்வாரியக் கடிதம் கையில் இல்லாமல் மின்சாரப் படகுக்கு டெண்டர் விடாதீர்கள்.

ஓடும் படகை மாற்றுவதிலும் இடர் உண்டு. வாஷிங்டன், வெனாச்சி என்ற பெரிய படகை மின்கல வசதிக்கு மாற்றக் கொடுத்தது. நினைத்ததைவிட வேலை நீண்டு 2025 கோடையில்தான் அது தடத்துக்குத் திரும்பியது. அதே வகையில் அடுத்த இரண்டு படகுகளின் மாற்றத்தை, சேவையை முதலில் மீட்பதற்காக 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். சரியான முடிவு என்பேன். ரத்தாகும் படகு புகை விடாது என்பது உண்மைதான், ஆனால் அதற்காகக் காத்திருந்தவர் காரில் சுற்றிப் போவார்.

## 9. கட்டணமும் அரசுப் பணமும்

கட்டணத்தை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், வராத படகுக்கு விலை ஏற்றினால் யாரும் பொறுக்க மாட்டார்கள். மூன்று நான்கு மாதம் சேவை சீராக ஓடிய பிறகு பேசுங்கள்.

குறைக்கும்போதும் கவனம் வேண்டும். ஸ்காட்லாந்தில் அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் ஆகும் செலவுக்கு இணையாகப் படகுக் கட்டணத்தை வைக்கும் முறை 2008-ல் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் மேற்குக் கடற்கரைத் தீவுகள் முழுக்கப் பரவியது. கட்டணம் இறங்கியது, கோடையில் சுற்றுலா வண்டிகள் குவிந்தன, தீவுக்காரர்களுக்கே இடம் கிடைக்காமல் போனது. கட்டணத்தைக் குறைத்தால் உள்ளூர்வாசிகளுக்கு ஒவ்வொரு நடையிலும் சில இடங்களை ஒதுக்கி வையுங்கள்.

டிக்கெட் பணத்தில் மட்டும் எந்த உயிர்நாடித் தடமும் நிற்காது. அரசு தரும் தொகையை "நட்டத்தை ஈடுகட்ட" என்று கேட்காதீர்கள். எந்தத் தடத்தில் எத்தனை நடை ஓட்ட எவ்வளவு என்று பல வருட ஒப்பந்தமாகக் கேளுங்கள். நட்டம் என்றால் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வெட்டுவார்கள். வாங்கிய சேவைக்குத் தரும் விலை என்றால், வெட்டுபவர் எந்த நடையை நிறுத்துகிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

ஒரே வரியை நம்பியும் இருக்கக் கூடாது. வாஷிங்டனில் 1999 வாக்கெடுப்பைத் தொடர்ந்து வாகன வரி ரத்தானபோது, படகுச் சேவைக்கு வந்துகொண்டிருந்த பெரும் பங்கு நின்றது. புதுப் படகு வாங்காமல் கடந்த வருடங்களின் விளைவைத்தான் நான்காம் படியில் பார்த்தோம். புதுப் படகுக்கான நிதியைத் தனிக் கணக்கில், சம்பளத்துக்கு எடுக்க முடியாதபடி பூட்டி வையுங்கள்.

## 10. மாதாந்தரப் பலகையும் ஒப்படைப்புக் கோப்பும்

ஒவ்வொரு துறையிலும் ஒரு பலகை: போன மாதம் அறிவித்த நடை, ஓடிய நடை, ஓடாததற்கு ஐந்து காரணங்களில் எது, கடைசி நடை எத்தனை முறை தவறியது. இணையத்தில் போடுவது மட்டும் போதாது, காத்திருப்பவர் கண்ணில் பட வேண்டும். ஆரம்பத்தில் எண்கள் மோசமாகத் தெரியும். உண்மைக் காரணம் எழுதும் நிலைய அதிகாரிக்கு மெமோ கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதமே எல்லாம் இயந்திரக் கோளாறாக மாறிவிடும்.

நீங்களும் ஒருநாள் மாற்றலாகிப் போவீர்கள். ஆட்கள் கணக்கு, கரையேற்றும் நாட்காட்டி, துறை உரிமைப் பட்டியல், மின்வாரியக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மேல் தாளில் அடுத்த ஐந்து வருடத்தில் ஓய்வு பெறும் சாரங்குகளின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.